மோர்ட்டார் என்றால் உரலா, சாந்தா, குண்டா?

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் மகள் மலாய் நாளிதழ்த் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். படிவம் மூன்று படிக்கிறாள். ஏதோ ஓர் ஊரில் வீடு கட்ட மண்ணைத் தோண்டியபோது போர்க்காலத்துப் பழைய குண்டு ஒன்று கிடைத்ததாம். அந்தச் செய்தியைத் தமிழில் சுருக்கி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதிவைத்திருந்த முதல் வரி இது: 'மண்ணுக்கடியில் மோட்டார் குண்டு கண்டெடுக்கப்பட்டது.'

எழுதிவிட்டாளே தவிர, அவளுக்கே அது சரியாகப் படவில்லை. "சித்தப்பா, மோட்டாரை எதுக்கு மண்ணுக்குள்ள புதைச்சாங்க?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவள் மேல் இல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்திலிருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் மோட்டார் என்றால் இரண்டு சக்கர மோட்டார்தான். 'அப்பா மோட்டார எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குப் போயிட்டாரு' என்று பேசிப் பழகிய பிள்ளை, மோட்டார் குண்டு என்று படித்தால் வேறு எதை நினைக்கும்? ஆங்கில அகராதியில் 'மோர்ட்டார்' (mortar) என்ற சொல்லைப் பார் என்றேன். பார்த்தாள். உரல், கட்டடச் சாந்து, குட்டைப் பீரங்கி என்று மூன்றும் ஒரே சொல்லுக்கு எதிரே வரிசையாக நின்றன. குழப்பம் தீரவில்லை, இன்னும் கூடியது. சமையலறைக்கும் போர்க்களத்துக்கும் என்ன சம்பந்தம் என்றாள். நியாயமான கேள்வி. அன்று ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க இதிலேயே போனது. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டியைக் குறிக்கும் மோட்டார் வேறு, இங்கே பேசப்போகும் மோர்ட்டார் வேறு. முன்னது 'நகர்த்துவது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்னது ஓர் உரலின் பெயர். காதுக்கு ஒன்றுபோல் கேட்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது. செய்தித்தாள்களில் இரண்டையுமே மோட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். நான் நடுவில் ஒரு 'ர்' போட்டு மோர்ட்டார் என்று எழுதுகிறேன், குழப்பம் குறையட்டும் என்று.

சரி, உரலிலிருந்து தொடங்குவோம். காலத்தில் முந்தியது அதுதான்.

எங்கள் வீட்டில் உரல் என்ற சொல்லை யாரும் இப்போது அதிகம் சொல்வதில்லை. மலாய்க்காரர்கள் சொல்கிற மாதிரி 'லெசோங்' என்றுதான் வரும். தேங்காய் மூடியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருங்கல்லில் குடைந்த கிண்ணம். அதோடு உள்ளங்கைக்கு அடக்கமாக ஒரு கல் உலக்கை. மிளகாயையும் வறுத்த பெலச்சானையும் (இறால் விழுது) அதில் போட்டு இடித்தால் சம்பல். பிளெண்டரில் அரைத்தால் ஏன் அந்த ருசி வருவதில்லை என்று பலரும் கேட்பார்கள். பிளெண்டரின் கத்தி மிளகாயைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, உரல் நசுக்குகிறது. நசுங்கும்போது உள்ளேயிருக்கும் எண்ணெயும் சாறும் வெளியே வந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. பிளெண்டர் ஓட வேண்டுமென்றால் தண்ணீர் வேறு ஊற்ற வேண்டும். ருசியில் பாதி அங்கேயே நீர்த்துப்போகிறது.

புது லெசோங் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையிலிருந்து கொண்டுவந்தவுடன் அதில் மிளகாய் இடித்தால் சம்பலில் கல்தூள் கடிபடும். கல்லைப் பழக்க வேண்டும். ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு இடித்தால் முதலில் மாவு சாம்பல் நிறத்தில் வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஒரு பிடி. மாவு வெள்ளையாக வருகிற வரைக்கும் இதைச் செய்ய வேண்டும். எங்கள் கல்லுக்கு நான்கு முறை ஆனது.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பாட்டி இருந்த காலத்தில் கதையே வேறு. இடுப்பளவு மர உரல், ஆள் உயர உலக்கை, உலக்கை முனையில் இரும்புப் பூண். தீபாவளி வந்தால் பலகாரத்துக்கு மாவு இடிக்க இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரு உலக்கை மேலே போகும்போது மற்றது கீழே வரும். தாளம் தப்பினால் உலக்கைகள் மோதிக்கொள்ளும், அதற்கு ஒரு வசவு விழும். 'உரலுக்குள் தலையை விட்ட பிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா' என்ற பழமொழியின் கனம், அந்த உலக்கை இறங்குவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆங்கிலம் மோர்ட்டார் என்ற ஒரே சொல்லால் முடித்துக்கொள்கிற இடத்தில் தமிழ் நாலைந்து சொற்களை வைத்திருக்கிறது. இடிப்பது உரல். மாவு ஆட்டுவது ஆட்டுரல். சித்த வைத்தியர் மருந்து அரைக்கும் படகு வடிவக் கல் கல்வம். பல் போனவர்கள் வெற்றிலை பாக்கை இடித்துக்கொள்வது பாக்கு உரல். மருந்துக்கடைப் பலகையில் கிண்ணமும் குச்சியுமாக ஒரு படம் போட்டிருப்பார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். அம்மியை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. அம்மி தட்டைக்கல். உரல் என்றால் குழி இருக்க வேண்டும். குழிதான் அதன் அடையாளம். மலாயில் கன்னக்குழிக்குக்கூட 'லெசோங் பிப்பிட்' என்றுதான் பெயர். பிப்பிட் என்கிற சின்னக் குருவியின் உரல் என்று அர்த்தம். அண்ணன் மகளுக்கு இரண்டு கன்னத்திலும் குழி விழும். அவள் சிரித்தபோது அதைத் தொட்டுக் காட்டித்தான் இந்தப் பகுதியை விளங்கவைத்தேன்.

இந்தக் குழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு அர்த்தமும் இதற்குள்ளிருந்துதான் வருகின்றன.

பழைய ரோமானியர்கள் தங்கள் உரலை 'மோர்த்தாரியும்' என்றார்கள். அவர்களுடைய சமையல் உரல் மண்சட்டி. உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கட்டும் என்று சிறு கற்பொடியைப் பதித்துச் சுட்டிருப்பார்கள். அதே பெயரைக் கொத்தனார்கள் சுண்ணாம்பு கலக்கும் தொட்டிக்கும் வைத்தார்கள். நாளாவட்டத்தில் தொட்டிக்குள் இருந்த கலவைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பாத்திரத்தின் பெயர் பண்டத்துக்குப் போவது உலக வழக்கம்தான். 'இரண்டு கிளாஸ் குடித்தேன்' என்றால் யாரும் கண்ணாடியைக் குடித்ததாக நினைப்பதில்லை.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு தொடர்பு உண்டு, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கோயிலில் திருவாசகம் முற்றோதும்போது 'திருப்பொற்சுண்ணம்' என்ற பகுதி வரும். பெண்கள் உரலைச் சுற்றி நின்று வாசனைப் பொடி இடித்துக்கொண்டே பாடுவதாக மாணிக்கவாசகர் அமைத்த பாட்டு அது. சுண்ணம் என்றால் பொடி. சுவரில் பூசுகிற சுண்ணாம்பும் அந்தச் சொல்லின் உறவுதான். லத்தீன்காரர்கள் உரலிலிருந்து சாந்துக்குப் போனார்கள், நாம் உரலில் இடித்த பொடியிலிருந்து சுண்ணாம்புக்குப் போனோம். சாந்து என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்களேன். பூசிக்கொள்ளும் சந்தனமும் சாந்து, நெற்றிப் பொட்டும் சாந்து, செங்கல்லுக்கு நடுவே வைப்பதும் சாந்து. குழைத்துப் பூசுவதெல்லாம் சாந்து.

இனி கட்டடத்துக்கு வருவோம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

செங்கற்களை அடுக்கி நடுவில் வைக்கிற குழைவான கலவைதான் சாந்து. கொத்தனார்கள் கலவை என்றும் சொல்வார்கள். இதில் மூன்றே பொருள்கள்: பிடிக்க வைக்கும் ஒரு தூள், மணல், தண்ணீர். ஜல்லி சேர்த்தால் அது கான்கிரீட், சாந்து இல்லை. தூண், தளம் வார்க்கக் கான்கிரீட். கல்லையும் கல்லையும் சேர்க்கவும், சுவருக்கு மேலே பூசவும் சாந்து. இந்த வித்தியாசம் புரிந்தால் வீடு கட்டுகிறவர் பேச்சில் பாதி புரிந்துவிடும்.

ரொம்ப காலம் அந்தப் பிடிக்கும் தூள் சுண்ணாம்பாகத்தான் இருந்தது. ஈப்போவுக்குப் போகிற வழியில் செங்குத்தாக நிற்கிற வெள்ளை மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லைச் சூளையில் போட்டு ஏறக்குறைய 900 டிகிரி வரை சுட்டால் அதற்குள்ளிருக்கும் கரியமில வாயு பிரிந்து போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ தான் மிஞ்சும். மற்ற 44 கிலோவும் வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது. மிஞ்சியது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று சீறும், பானையே கொதிக்கும். அடங்கிய பிறகு கிடைப்பது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுவதும் இதேதான்.

வேடிக்கை இனிமேல்தான். இந்தச் சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. மலையில் கல்லாக இருந்தது சூளையில் தூளாகி, சுவரில் திரும்பவும் கல்லாகிவிடுகிறது. சுற்று முடிய மாதக்கணக்கில், தடித்த சுவராக இருந்தால் வருஷக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்துக் கட்டடங்கள் வயதாக ஆக உறுதியானதற்கு இது ஒரு காரணம். தமிழ்நாட்டில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பார்கள். சீனாவில் ஒட்டரிசிக் கஞ்சி சேர்த்திருக்கிறார்கள். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சேர்த்துத் தண்ணீருக்கடியிலும் இறுகுகிற சாந்தைக் கண்டுபிடித்தார்கள். அவரவர் ஊரில் கிடைத்ததை அவரவர் போட்டிருக்கிறார்கள்.

பேராக்கில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பத்து காஜா பக்கமிருக்கும் கெல்லீஸ் கோட்டைக்குப் போகலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் தொடங்கிய மாளிகை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, அப்படியே பாதியில் நின்றுவிட்டது. கட்டியவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள். பூச்சு உரிந்து செங்கல் தெரிகிற இடங்கள் அங்கே நிறைய. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் சாந்துக் கோடுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்று அங்கே சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்வதுண்டு. பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயில் கூரையில் சாமி சிலைகளோடு கெல்லி துரையும் ஒருவராக நிற்கிறார். அதையும் பார்க்காமல் வராதீர்கள்.

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லண்ட் சிமெண்டு' என்று ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். காய்ந்த பிறகு போர்ட்லண்ட் என்ற ஊர்க் கல்லைப்போல இருந்ததால் அந்தப் பெயர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுப் பொடியாக்கினால் சிமெண்டு. இன்று சாந்து என்றால் பெரும்பாலும் சிமெண்டுச் சாந்துதான்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. சிமெண்டு 'காய்கிறது' என்று நினைக்கிறோம். காய்வதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. தண்ணீரைக் குடித்துத்தான் அது கல்லாகிறது. அதனால்தான் பூசிய சுவரை ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலில் மத்தியானம் பூசி அப்படியே விட்டால், வினை முடிவதற்குள் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். மேலே பார்த்தால் கெட்டியாக இருக்கும், விரலால் தேய்த்தால் பொடி உதிரும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டினோம். வந்த வேலையாட்கள் காலையில் ஒரு பெரிய குவியல் கலவை போட்டார்கள். பத்து மணிக்குத் தேநீர், அப்புறம் கைப்பேசி, அப்புறம் மழை. திரும்பி வந்தபோது கலவை இறுகத் தொடங்கியிருந்தது. ஒருவர் வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றி மண்வெட்டியால் புரட்டினார். மறுபடி குழைந்துவிட்டது. பார்க்க நன்றாகவே இருந்தது, நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அந்த ஒரு சுவரில் மட்டும் பூச்சு தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்டது. ஒரு வருஷத்தில் ஒரு பாளம் அப்படியே கழன்று துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் விழுந்தது. இறுகத் தொடங்கிய சாந்துக்குத் தண்ணீர் ஊற்றினால் குழைவு வரும், பலம் திரும்பி வராது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவுதான் கலக்க வேண்டும். வெயில் அதிகமென்றால் அதற்கும் முன்னாலேயே.

எவ்வளவு சிமெண்டுக்கு எவ்வளவு மணல்? செங்கல் கட்ட ஒன்றுக்கு நாலிலிருந்து ஆறு பங்கு வரை போடுவது வழக்கம். இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாந்து 10 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். சிமெண்டைக் கூட்டிப் போட்டால் சுவர் இன்னும் பலமாகும் என்று நினைத்துவிடாதீர்கள். சாந்து செங்கல்லைவிடக் கொஞ்சம் மெலிந்ததாக இருப்பதுதான் நல்லது. சுவர் அசையும்போது விரிசல் விழுந்தால் சாந்தில் விழட்டும், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். செங்கல் உடைந்தால் என்ன செய்வது? பழைய சுண்ணாம்புக் கட்டடத்தைச் சிமெண்டு வைத்து அடைக்கிறவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியாகப் போகப் பார்க்கும், செங்கல் முகம் உரிந்து கொட்டும். இன்னொன்று: சிமெண்டும் சுண்ணாம்பும் தோலைப் பொசுக்கும். வெறுங்கையால் குழைக்காதீர்கள், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பட்டமளிப்பு விழாவில் போடுகிற சதுரத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் 'மோர்ட்டார் போர்டு' என்று பெயர். கொத்தனார் ஒரு கையில் சாந்தை ஏந்திக்கொள்ளும் பலகையும் சதுரம்தான். அதன் சாயல் இருந்ததால் தொப்பிக்கு அந்தப் பெயர். இதைச் சொன்னதும் அண்ணன், சித்தாள் வேலைக்கும் பட்டம் வாங்கினவனுக்கும் ஒரே பலகைதான் என்றார். இணையக் கடைகள் வந்த பிறகு, தெருவில் நிஜமாக நிற்கிற கடையை ஆங்கிலத்தில் 'செங்கல் சாந்துக் கடை' என்று சொல்கிறார்கள். வணிகப் பக்கத்தில் படித்தால் கட்டுமானச் சாமான் விற்கிற கடை என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது குண்டு.

பீரங்கி என்றதும் நமக்குக் கண்ணில் வருவது கோட்டை மேல் படுத்திருக்கும் நீளக் குழாய். ஆனால் ஐரோப்பாவில் இன்னொரு வகையும் இருந்தது. குட்டை, அகலம், தடித்த சுவர், வானத்தைப் பார்த்த வாய். வெண்கலத்தில் வார்த்து வண்டியில் உட்கார்த்தி வைத்தால் அசல் உரல் மாதிரியே இருக்கும். அதனால் உரல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் சமாச்சாரம். அதற்குள் எதையும் இடிப்பதில்லை. வடிவம் பெயரைக் கொண்டுவந்தது. 1453இல் உதுமானியர்கள் கான்ஸ்டான்டினோபிளை முற்றுகையிட்டபோது, நடுவே நின்ற கலாத்தா ஊரின் தலைக்கு மேலாகக் குண்டு வீசி அந்தப் பக்கம் நின்ற கப்பல்களை அடிக்க இப்படிப்பட்ட பீரங்கியைச் செய்ததாகச் சரித்திரம் சொல்கிறது.

ஏன் வானத்தைப் பார்க்க வேண்டும்? வீட்டுத் தோட்டத்தில் ரப்பர்க் குழாயால் தண்ணீர் பாய்ச்சியிருப்பீர்கள். குழாயைத் தாழ்வாகப் பிடித்தால் தண்ணீர் கிட்டத்தில் விழும். 45 டிகிரி சாய்வில் பிடித்தால் அதிகத் தூரம் போகும். அதற்கு மேலும் தூக்கினால்? தூரம் குறையும், ஆனால் தண்ணீர் உயரே போய் நேர் தலைக்கு மேலிருந்து இறங்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனை நனைக்க வேண்டுமானால் இப்படித்தான் பிடிக்க வேண்டும், சின்ன வயதில் நாம் செய்யாததா? மோர்ட்டார் வேலை செய்வது இந்த 45 டிகிரிக்கு மேற்பட்ட பகுதியில்தான். மலைக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால், குழிக்குள் ஒளிந்திருப்பவர் மேல் குண்டை இறக்குவது அதன் வேலை. சுடுகிறவர் கண்ணுக்கு இலக்கு தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. எங்கே விழுந்தது என்று வேறொருவர் பார்த்துச் சொல்லத் திருத்திக்கொள்வார்கள்.

நாம் மூங்கிலில் செய்கிற மெரியாம் பூலோ பீரங்கி வகை, மோர்ட்டார் இல்லை. மூங்கிலைச் சாய்த்துப் படுக்க வைப்போம், கார்பைடும் தண்ணீரும் சேர்ந்து வாயு கிளம்பும், துளையில் நெருப்பு வைத்தால் சத்தம். (விரலை இழந்தவர்கள் உண்டு, வேண்டாம்.) வானத்தில் ஏறிப் பூவாக விரிகிற வாணத்தை அனுப்புகிற குழாய்தான் மோர்ட்டார் இனம். அதை அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள்.

இன்றைக்கு ராணுவங்கள் வைத்திருக்கும் மோர்ட்டாரின் அப்பன் 1915இல் பிறந்தவன். முதல் உலகப் போரில் இரண்டு தரப்பும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டதால் நேராகச் சுடும் துப்பாக்கியால் பயனில்லாமல் போனது. வில்பிரட் ஸ்டோக்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரொம்ப எளிமையாக ஒன்றைச் செய்தார். ஒரு வழவழப்பான குழாய், அடியில் ஒரு தட்டு, முன்னால் இரண்டு கால். குழாயின் அடியில் ஓர் ஆணி. குண்டை மேல்வாயில் வைத்துக் கையை விட்டால் தன் எடையிலேயே சறுக்கிப்போய் ஆணியில் மோதும். அதன் வாலிலிருக்கும் மருந்து பற்றிக்கொண்டு வந்த வழியே வெளியே பாயும். விசை கிடையாது, இழுக்க ஒன்றும் கிடையாது. 3 அங்குல மோர்ட்டார் என்று பெயர், குழாயின் உள்ளளவு உண்மையில் 81 மில்லிமீட்டர். அந்த 81 இன்றும் உலகமெங்கும் புழங்குகிற அளவு. 60, 120 மில்லிமீட்டர் வகைகளும் உண்டு. 81 வகை மொத்தம் ஏறக்குறைய 40 கிலோ எடை இருக்கும். குழாயை ஒருவர், தட்டை ஒருவர், காலை ஒருவர் என்று தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்துவிடலாம். ஏழை ராணுவமானாலும் பணக்கார ராணுவமானாலும் இதைக் கைவிடாததற்கு அதுதான் காரணம்.

மோர்ட்டார் என்பது குழாயின் பெயர். வெளியே பறப்பது மோர்ட்டார் குண்டு. ஈழப் போர்ச் செய்திகளில் நாம் படித்த 'எறிகணை', அங்குள்ள மக்கள் சொல்லும் 'ஷெல்' எல்லாம் பறப்பதைத்தான் குறிக்கும். அதில் பீரங்கிக் குண்டும் அடக்கம். 'மோர்ட்டார் கண்டெடுக்கப்பட்டது' என்று வருகிற செய்திகளில் கிடைத்தது பெரும்பாலும் குண்டு, குழாய் இல்லை.

அது இங்கே எப்படி வந்தது என்று அடுத்துக் கேட்டாள். எங்கள் மாநிலத்து மண்ணில் இரண்டு போர் புதைந்திருக்கிறது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் ஜப்பானியர்களுக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்கும் சண்டை நடந்தது. அப்புறம் 1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட்டுத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட, அதிலிருந்து தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. வெடிக்காத குண்டு மண்ணுக்குள் துருப்பிடித்தாலும் உள்ளே இருக்கும் மருந்து சாவதில்லை. துருவேறிய வாழைப்பூ மாதிரி, வாலில் செதில்களோடு ஏதாவது மண்வெட்டியில் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், தூக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். தள்ளிப் போய் 999ஐ அழையுங்கள். காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வந்து எடுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவளுக்கு ஒரு சந்தேகம் மிச்சம். ஒரு வாக்கியத்தில் மோர்ட்டார் வந்தால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து வீட்டைப் பார் என்றேன். உலக்கை, மிளகாய், மருந்து பக்கத்தில் இருந்தால் உரல். செங்கல், மணல், சுவர் இருந்தால் சாந்து. தாக்குதல், மில்லிமீட்டர், படை என்று வந்தால் குட்டைப் பீரங்கி.

அப்போதுதான் பாட்டியின் கோபெக் ஞாபகம் வந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். மலாய்ப் பாட்டிகள் வெற்றிலை இடிக்க வைத்திருப்பது. எங்கள் பாட்டி பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) வாங்கியது. ஒரு சாண் நீளப் பித்தளைக் குழாய், அடியில் ஒரு மரக்கட்டை அடைப்பு, மேலிருந்து இறங்க இரும்புக் குத்தி. வெற்றிலை, பாக்கு, ஒரு துளி சுண்ணாம்பு போட்டுக் குத்துவார். மசிந்ததும் அடியிலிருக்கும் கட்டையைக் குத்தியால் மேலே தள்ளினால் உருண்டை வாய்வழியாக வெளியே வரும். குழாயின் உள்சுவரில் இன்னும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது.

அவள் அதை வாங்கி, வாய் மேலே பார்க்கும்படி சாய்த்து மேசையில் வைத்தாள். குத்தியை மேலே பிடித்துக் கையை விட்டாள். டொக்.

"மூணும் இதுலயே இருக்கு சித்தப்பா" என்றாள்.

மறுநாள் கட்டுரையை மாற்றி, 'மண்ணுக்கடியில் மோர்ட்டார் குண்டு' என்று எழுதிக்கொண்டு போனாள். திரும்பி வந்த தாளில் அந்த 'ர்' மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு அடிக்கப்பட்டு, மேலே 'மோட்டார்' என்று திருத்தப்பட்டிருந்தது. எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள்.